பதில்: ஸ்காலரில் 11, ஸ்கோபஸில் 6; விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

வணக்கம். கணினிக் கட்டமைப்புத் துறையில் உங்கள் எச்-குறியீடு (குறைந்தது 11 முறை மேற்கோளான கட்டுரைகள் 11 இருந்தால் அது 11) கூகுள் ஸ்காலரில் 11 என்றும் ஸ்கோபஸில் 6 என்றும் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வரும் மேற்கோள்களையும் திரட்டும் தளங்கள். இரண்டு எண்களும் தவறல்ல. முன்பதிப்புகளிலும் (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரைகள்) ஆய்வேடுகளிலும் வரும் மேற்கோள்களையும் ஸ்காலர் சேர்த்துக்கொள்கிறது. ஸ்கோபஸோ தான் தெரிவு செய்த வெளியீடுகளை மட்டுமே எண்ணுகிறது. எதை எழுதினாலும் தரவுத்தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் அருகிலேயே குறிப்பிடுங்கள்.

எனினும், உங்கள் பெயர் ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்துடனும், இன்னொன்றில் தந்தை பெயருடனும், மூன்றாவதில் அடையாள அட்டையில் உள்ளபடி ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) சேர்த்தும் வந்திருப்பதைப் பார்த்தால், ஸ்கோபஸ் உங்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்திருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. (சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கும் பழகிய தொல்லைதான் இது.) அவற்றை ஒன்றிணைக்கக் கோரிக்கை அனுப்பி, ஆய்வாளர்களுக்கான தனி அடையாளமான ஓர்கிட்டின் 16 இலக்க எண்ணையும் இணைத்துவிடுங்கள்.

ஆய்விதழ்க் கட்டுரை இரண்டே இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இத்துறையின் முதன்மையான படைப்புகள் இஸ்கா (1973 முதல் நடைபெறுவது), மைக்ரோ போன்ற மாநாடுகளிலேயே வெளிவருகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கணக்கீடுகளுக்கான கூகுளின் டிபியு சில்லு பற்றிய கட்டுரைகூட 2017 இஸ்காவில்தான் வந்தது. தேர்வுக்குழுவில் வேறு துறையினர் இருப்பார்கள் என்பதால் இதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

உங்கள் மேற்கோள்களில் பாதிக்கு மேல் சிமுலேட்டர் கட்டுரை ஒன்றுக்கே வந்தவை. அது எத்தனை முறை மேற்கோளானாலும் எச்-குறியீட்டில் ஒன்றாகவே எண்ணப்படும்; ஆகவே அந்தச் சிமுலேட்டரைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தனியே எழுதுங்கள்.