குளோரின் கசிவு: 25,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பவானி பக்கம் ஒரு சலவைப் பட்டறைக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மூன்று வாரத்துக்கு முன் மாலையில் பட்டறையின் குளோரின் டன்னரில் (வாயு அடைத்த பெரிய இரும்பு சிலிண்டர்) கசிவு. பட்டறை ஆட்கள் ஹோஸ் பைப்பில் அதன்மேல் தண்ணீர் அடித்ததை மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். புகை இன்னும் அதிகமானது. மாடு பிடித்துவரப் போயிருந்த என் கணவர் இருமிக்கொண்டே நடந்து வீடு வந்தார். நடுராத்திரி மூச்சு விட முடியவில்லை. அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். இன்னும் வேலைக்குப் போகவில்லை. "வால்வு பழுது, எங்கள் தப்பில்லை. அவர் நடந்துதானே போனார், பீடி குடிக்கிறவர் வேறு" என்கிறார் முதலாளி. 25,000 ரூபாய் தருகிறாராம். இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தரச் சொல்கிறார். அங்கே வேலை பார்க்கும் என் கொழுந்தனாருக்கும் பாதிப்பு. என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. உங்கள் கணவரின் நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. தெரியாத நஷ்டத்துக்கு விலை பேசக் கூடாது.

"நடந்துதானே போனார்" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் இடமில்லை. குளோரின் நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். மாலையில் நடந்தவர் இரவில் மூச்சுத் திணறுவது இந்த வாயுவின் இயல்பு. சிலருக்கு ஆஸ்துமா போன்ற இளைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். அதனால் நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டி, நுரையீரல் செயல்திறன் சோதனை எடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள். பீடிப் பழக்கம் இருந்தவர் என்பதற்காக அவர் நுரையீரலைக் கெடுத்தவர் தப்பிவிட முடியாது. பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ, அந்த நிலையிலேயே அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது வால்வு. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற கந்தக அமில வாயு கசிந்தது. அங்கே குளோரின் ஆலையும் இருந்தது; அதை ஊருக்குள்ளிருந்து அகற்றக் கேட்டு வக்கீல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1986 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இதுதான்: ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அதனால் யாருக்குத் தீங்கு வந்தாலும் முழுப் பொறுப்பு, எல்லாக் கவனமும் எடுத்தேன் என்பதுகூடச் சாக்கு ஆகாது. சிலிண்டர் கொடுத்தவர்மேல் குறை இருந்தால் முதலாளி அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இத்தனைக்கும் கவனமே எடுக்கவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. கசியும் குளோரின் டன்னர்மேல் தண்ணீர் அடிக்கவே கூடாது. தண்ணீரும் குளோரினும் சேர்ந்த அமிலம் இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். டன்னரில் சுமார் 900 கிலோ திரவக் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாக விரியும். ஆகவே, முகமூடியும் காற்று உருளையும் மாட்டிய பயிற்சி பெற்றவர், ஓட்டை மேலே வரும்படி டன்னரை உருட்டி, திரவம் கொட்டாமல் வாயு மட்டும் வரச் செய்து, கசிவு அடைக்கும் கிட்டைப் பொருத்த வேண்டும். வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இழுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் உங்கள் பள்ளத்துக்குத்தான் இறங்கும். இனி வாடை வந்தால் காற்றுக்கு எதிராக, மேட்டுப்பக்கம் போங்கள். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு இன்றே எழுதி வையுங்கள். வெளுத்துப்போன வாழை இலை, கறுத்த பாத்திரம் எதுவானாலும் போட்டோ எடுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் டிஸ்சார்ஜ் சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் புகார் தனி. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 286 (விஷப்பொருளில் கவனக்குறைவு), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல்) பிரிவுகள் பொருந்தும். 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலே அது கொடுங்காயம். இந்தச் சான்றை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குவது மிக முக்கியம். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறமும் நகராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இழப்பீட்டுக்கு, 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் வாயு வைத்திருந்தால்தான் அது பொருந்தும். சிறிய பட்டறை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கலாம். எனவே நான் நம்புவது, சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தைத்தான். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கேயும் ஐந்து ஆண்டு அவகாசம். முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 2020-இல் விசாகப்பட்டினம் வாயுக் கசிவுக்குப் பிறகு நிறுவனத்தை 50 கோடி ரூபாய் முன்கூட்டியே கட்டச் சொன்னது இதே தீர்ப்பாயம்தான்.

கொழுந்தனார் தொழிலாளி என்பதால் அவர் வழி வேறு: ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதன் மூலம், இல்லையென்றால் பணியாளர் இழப்பீடு. "கான்ட்ராக்ட் ஆள்" என்று கைகழுவ விடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். மருத்துவச் செலவுக்குக் கை நெருக்கடி என்றால் அந்த 25,000-ஐ வாங்கலாம். ஆனால் ரசீதில் "மருத்துவச் செலவுக்கு முன்பணம், மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் பணமும் வேண்டாம்.