ஆப்பிரிக்கப் பெண் ஆய்வாளர்களுக்கு முனைவர் பட்ட நிதி: கேள்விகளும் பதில்களும்

நைரோபி: தொண்டு நிறுவனங்கள் இளைஞர்களுக்கு வேலை தேடித் தருவதை என் மாணவி ஆராயப் போகிறாள். ஓ.டபிள்யூ.எஸ்.டி. (OWSD) உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்காது. இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து இயங்கும் அந்த அமைப்பு அறிவியலும் பொறியியலும் படிக்கும் வளரும் நாட்டுப் பெண்களுக்கானது. சமூகவியலுக்கு ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. (DAAD) தரும் உதவித்தொகை பொருந்தும். சொந்த நாட்டிலோ அண்டை நாட்டிலோ படிக்கலாம். முதுகலை முடித்து ஆறு ஆண்டுகள் தாண்டியிருக்கக் கூடாது. முதலில் நெறியாளரைப் பிடிக்கச் சொல்லுங்கள். இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கம்பாலா: மக்கரேரே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் என் தோழி வேலையின்மையை ஆராய விரும்புகிறாள். கார்ட்டா (CARTA) உதவித்தொகைக்கு முயலலாமா?

கார்ட்டா ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பயிற்சிக் கூட்டமைப்பு. அவர் பல்கலைக்கழகம் அதில் உறுப்பு, அவரும் பணியில் இருக்கிறார். முயலலாம். ஆனால் கார்ட்டாவின் அக்கறை மக்கள் நலவாழ்வு. வேலையின்மை இளம்பெண்களின் உடல்நலத்தை என்ன செய்கிறது என்று ஆராய அவருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் மட்டும் முயலட்டும். பணத்துக்காகத் தலைப்பை மாற்றியவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஜொகன்னஸ்பர்க்: தொண்டு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். வேலையே தேடாதவர்களையும் வேலையற்றோரில் சேர்த்து ஆய்வாளர்கள் எண்ணிக்கையைப் பெருக்குகிறார்களே?

இதை மறுக்கிறேன். தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையே காலாண்டுதோறும் இரண்டு கணக்குகளை வெளியிடுகிறது. ஒன்று, கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியவர்களை மட்டும் எண்ணுவது. மற்றொன்று, வேலை வேண்டும் என்றிருந்தும் தேடுவதை நிறுத்தியவர்களையும் சேர்ப்பது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெண்களிடமே அதிகம்.

ஒரு பெண் வேலை தேடுவதை ஏன் நிறுத்துகிறாள்? உங்கள் ஊர் சோவெட்டோ பகுதியில் ஒரு பெண்ணின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்த்தேன். அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் காவல் நிலையத்தில் சான்றொப்பம் வாங்கிய நகல்கள். முத்திரையின் தேதி மூன்று மாதத்தைத் தாண்டினால் பல இடங்களில் ஏற்பதில்லை. மறுபடி நகல், மறுபடி வரிசை, போக வர மினிபஸ் டாக்சிக் கட்டணம். கையில் காசு தீர்ந்த வாரத்தில் அவள் வீட்டில் இருந்தாள். அவளைக் கணக்கிலிருந்து நீக்குவது நியாயமா?

ஜொகன்னஸ்பர்க், மீண்டும்: எங்களிடம் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் போதாதா?

போதாது. சான்றிதழ் வாங்கிய நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள், பயிற்சி கிடைக்காத பக்கத்து வீட்டுப் பெண் எங்கே இருக்கிறாள் என்பதுதான் கேள்வி. ஜொகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சமூக மேம்பாட்டு ஆய்வு மையம் சியாக்கா என்ற ஆய்வில் இளைஞர்களைப் பயிற்சிக்குப் பிறகும் பின்தொடர்ந்தது. உங்கள் பதிவேடுகளை ஒரு முனைவர் பட்ட மாணவிக்குத் திறந்துவிடுங்கள். அதுவும் நிதியுதவிதான்.

லாகோஸ்: ஓ.டபிள்யூ.எஸ்.டி.யில் சமூகவியலுக்கு...

முதல் பதில்.

தாருஸ்ஸலாம்: ஓ.டபிள்யூ.எஸ்.டி...

முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

அக்ரா: கட்டணம் செலுத்தினால் உதவித்தொகை உறுதி என்கிறார் ஒரு முகவர்.

ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். உறுதி சொல்லும் அதிகாரம் எந்த முகவருக்கும் இல்லை.

லுசாகா: வயது 33, ஒரு குழந்தை. மார்கரெட் மெக்னமாரா கல்வி நிதிக்கு முயலலாமா?

வயது தடையில்லை, 25 நிறைந்திருந்தால் போதும். ஆனால் அது ஏற்கெனவே சேர்ந்து படிக்கும் வளரும் நாட்டுப் பெண்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் மட்டும். திட்டவரைவை எழுதி அனுப்புங்கள், இந்த வாரமே படித்துத் தருகிறேன்.