ஏசி ஓடாத பழைய வேன் வாங்கலாமா? கேள்வி பதில்

சென்னையில் வெயில் ஏறினாலே இந்தக் கேள்விகள்தான் வரிசையாக வருகின்றன. வண்டி ஏசி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ரேட் கடைக்குக் கடை மாறும் என்பதால் தொகை போடவில்லை. எது சின்னச் செலவு, எது கையைக் கடிக்கும் என்பதை மட்டும் பார்ப்போம்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, 2012 மாருதி ஈக்கோ வேன் ஒன்று பார்த்திருக்கிறேன். அஞ்சு சீட், ஏசி மாடல். ஏசி ஓடவில்லை. "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

அவ்வளவுதான் வேலை என்றால் அவரே கேஸ் போட்டு, ஜில்லென்று ஓட்டிக் காட்டி, கூடுதல் விலை கேட்டிருப்பாரே தம்பி! ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய பைப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய வண்டியில் கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) சீல், பைப் இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது சகஜம். முழுக்கக் காலி என்றால் எங்கோ நிஜமான ஓட்டை இருக்கிறது.

ஒரு ஏசி மெக்கானிக்கைக் கூட்டிப் போய் கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஆஃப் ஆகி நன்றாக ஆறியிருக்கும்போது நீலம், சிவப்பு இரண்டு முள்ளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இந்த வண்டிகளில் வரும் ஆர்134ஏ கேஸ், வெளியே 30 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 95 பிஎஸ்ஐ. அப்படிக் காட்டினால் உள்ளே கேஸ் இருக்கிறது என்று அர்த்தம் (எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த முள் சொல்லாது). அப்போது கோளாறு கரண்ட் பக்கம் இருக்கலாம்: ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கிளட்ச் காயில் (கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தச் சுருள்). பெரும்பாலும் சின்னச் செலவில் முடியும்.

முள் பூஜ்யத்தில் கிடந்தால், எத்தனை மாதமாக இப்படி என்று கேளுங்கள். ஓட்டை வழியாக நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே இருக்கும் டிரையரை இனி நம்ப முடியாது. லீக்கைக் கண்டுபிடிக்க எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியே வருவதால், கசியும் இடத்தில் தூசி அப்பிக் கறுத்திருக்கும். பைப் ஜாயின்ட் என்றால் தப்பித்தீர்கள். முன்னால் இருக்கும், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் என்றால் நடுத்தரச் செலவு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் காற்றில் வருடக்கணக்காக நின்ற வண்டியில் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே வரும் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் என்றால் டாஷ்போர்டு பக்கம் பிரித்து வெளியே எடுக்க வேண்டும், கூலியே தனிக் கணக்கு.

இதையெல்லாம் விட மோசம், கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்து உலோகத் தூளைக் கக்கியிருப்பது. அந்தத் தூள் பைப் முழுக்கப் பரவிவிடும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போகும். கண்டென்சர், டிரையர், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

அதனால் பேரத்தை இப்படி வையுங்கள். இந்த முழு செட்டும் மாற்ற என்ன ஆகும் என்று இரண்டு கடையில் கேளுங்கள். காரணம் தெரியாத வரை அந்த முழுத் தொகையையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லையா? "சரி, ஓட விட்டுக் காட்டுங்க, கேட்ட விலை தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அயனாவரத்திலிருந்து: மெக்கானிக் கிடைக்கவில்லை சார். நானே பார்ப்பது எப்படி?

வண்டி ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏசி பட்டனை அழுத்தினால் கம்ப்ரசர் பக்கம் 'டக்' என்று கிளட்ச் பிடிக்கும், எஞ்சின் சத்தம் லேசாக மாறும், கண்டென்சர் ஃபேன் ஓடும். எதுவுமே நடக்கவில்லை என்றால் கேஸ் இல்லை, அல்லது கரண்ட் வரவில்லை.

பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் உள்ள வண்டிகளில் சிலர் பெல்ட்டையே கழற்றியிருப்பார்கள். ஏசி போட்டால் எஞ்சின் சூடு ஏறுகிறது என்பதால் செய்த வைத்தியம் அது. அங்கே நோய் பெரும்பாலும் ஏசியில் இல்லை, ரேடியேட்டரிலோ எஞ்சினின் ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கலாம். நல்ல வெயிலில், நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறினால் ஏசியைப் பற்றிப் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: நாங்கள் ஏழு பேர். 2010 செவ்ரோலே டவேரா ஒன்று வந்திருக்கிறது. முன்னால் ஜில்லென்று இருக்கிறது, பின்னால் காற்று மட்டும்தான் வருகிறது. பரவாயில்லையா?

பின் ஏசி உள்ள வண்டியில் கூலிங் காயிலும் வால்வும் தனியாக இருக்கும். அதற்கான பைப் வண்டிக்கு அடியில் ஓடும். மழைத் தண்ணீரும் சேறும் பட்டுப் பட்டு அது அரிக்கும். லீக்கை அடைக்கச் செலவாகும் என்று சிலர் பின் லைனையே துண்டித்து மூடிவிடுவார்கள். குனிந்து பாருங்கள் அம்மா, மூடிய பைப் முனை கண்ணில் படும். மூடவில்லை என்றால் பின் வால்வ் அடைத்திருக்கலாம், அது சமாளிக்கக்கூடியது. ஏழு பேர் போகிற குடும்பத்துக்குப் பின் ஏசி இல்லாமல் மே மாதம் தாங்காது.

பெரம்பூரிலிருந்து: மாருதி ஓம்னி வேனுக்கு வெளிக் கடையில் ஏசி பொருத்தலாமா?

வேண்டாம். 796 சிசி எஞ்சின், அதுவும் முன் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாலு பேரோடு பாலம் ஏறும்போது ஏசியை நீங்களே அணைப்பீர்கள். ஓம்னி 2019-லேயே தயாரிப்பு நின்றுவிட்ட வண்டி, இனி அதில் காசைக் கொட்டாதீர்கள்.

முடிச்சூரிலிருந்து: வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2015, 2023 டிசம்பர் வெள்ளம் இரண்டுமே சென்னை வண்டிகளைப் பதம் பார்த்தவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் ரெயிலில் துருவைப் பாருங்கள். ஆனால் ஒன்று: ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்தாலும் முன் கார்ப்பெட் நனையும். முன்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அதுவாக இருக்கலாம். டிக்கி வரை துரு என்றால் வெள்ளம். அந்த வண்டியில் ஏசி போனது முதல் தவணைதான், அடுத்து வயரிங்.

திருவொற்றியூரிலிருந்து: புதுப்பேட்டை பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பழைய கம்ப்ரசர் வாங்கிப் போடலாமா?

போடலாம், பார்த்து எடுத்தால். கையால் சுற்றினால் திக்காமல் சுற்ற வேண்டும், பைப் மாட்டும் இரண்டு வாயும் மூடியிருக்க வேண்டும். திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும். ஆயிலைச் சாய்த்துப் பாருங்கள்: கறுப்பாகவோ மினுமினுப்பாகவோ வந்தால் திருப்பிக் கொடுங்கள். டிரையரை மட்டும் எக்காரணம் கொண்டும் பழையது வாங்காதீர்கள். பொருத்திய பிறகு நைட்ரஜன் அடித்து லீக் பார்த்து, வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அப்புறம்தான் கேஸ். வேக்யூம் போடாமல் கேஸ் அடிக்கும் கடையில் நிற்காதீர்கள்.

அம்பத்தூரிலிருந்து: சமையல் கேஸே அடித்துத் தருகிறேன், நல்லா கூல் ஆகும் என்கிறார் ஒருவர்.

கூல் ஆகும். தீயும் பிடிக்கும். கூலிங் காயில் லீக் ஆனால் அந்த கேஸ் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும். வேறு கடை பாருங்கள்.

கொளத்தூரிலிருந்து: 2009 வண்டி. பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. ஆர்சி எந்தத் தேதி வரை என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய லோன் ஆர்சியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியாயிற்றா என்பதையும் பாருங்கள்.

கோயம்பேட்டிலிருந்து: அண்ணே, காய்கறி ஏற்றத்தான் வேன். ஏசியே வேண்டாம். அப்படியே விட்டுவிடலாமா?

தாராளமாக. விலையை மட்டும் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கம்ப்ரசர் கப்பி பேரிங்கை ஒருமுறை பாருங்கள். ஏசி போடாவிட்டாலும் அது பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றும். பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால் லோடோடு விடியற்காலையில் ரோட்டில் நிற்பீர்கள். கரகர சத்தம் கேட்டால் பேரிங்கை மாற்றுங்கள். தனி பெல்ட் என்றால் கழற்றிப் போட்டுவிடுங்கள், உங்களுக்கு அது தேவையே இல்லை.