கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வயல் தோப்பாகவோ மனையாகவோ மாறியதைச் சாட்டிலைட் படம் வைத்து உறுதி செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஒற்றைப் படத்தை நம்பினால் ஏமாந்து போவீர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச் மாதப் படத்தில் அறுவடை முடிந்த வயலும் கிராவல் அடித்த மனையும் ஒன்றுபோல வெளுத்துத்தான் கிடக்கும். நடவுக்குக் கட்டும் தண்ணீரை வைத்துத்தான் வயலைப் பிடிக்க வேண்டும்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய இணையதளத்தில் சென்டினல்-2 சாட்டிலைட் படங்கள் இலவசம். மேகம் இல்லாவிட்டால் 5 நாளுக்கு ஒன்று கிடைக்கும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிவான படங்களை எல்லாம் எடுத்து, பச்சைக்கு என்டிவிஐ (பேண்ட் 8, 4), ஈரத்துக்கு எல்எஸ்டபிள்யூஐ (பேண்ட் 8, 11) என்ற குறியீட்டு எண்களைக் கணக்கிட்டு (பேண்ட் என்பது படம் பதிவாகும் ஒளியலைப் பிரிவு), தேதிவாரியாக இரண்டு கோடு போடுங்கள். ரெண்டாம் போக நடவின்போது பச்சைக் கோடு தரையில் கிடக்கும், ஈரக்கோடு அதைத் தொடும் அல்லது தாண்டும். பிறகு பச்சை மளமளவென்று ஏறி, கதிர் முற்றியதும் சரியும். வளர்ந்த தென்னந்தோப்பில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. மனையில் பச்சை எழும்பவே எழும்பாது.

முதல் போகத்தில் இதைத் தேட வேண்டாம். பாலக்காட்டில் அந்தப் போகத்துக்குப் பொடி விதைப்பு (காய்ந்த மண்ணில் நேரடியாக விதைப்பது) அதிகம், ஆரம்பத்தில் தண்ணீர் தேங்காது. போதாக்குறைக்கு ஜூன், ஜூலை மேகம் வேறு.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பேண்டிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் என்டிவிஐ இறங்கி, ஊரே தரிசாகிவிட்டது போலத் தோன்றும். கூகுளின் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு வருஷம் நடவு தெரியவில்லை என்றால் உடனே நிலம் மாறிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். ஆளியாறு தண்ணீர் சித்தூர்ப் புழைக்குச் சரியாக வராத வருஷமாக இருக்கலாம். தொடர்ந்து மூன்று வருஷமாவது பாருங்கள். வயலுக்குள் 25 அடிக்கு ஒன்றாக வைத்த தென்னங்கன்று முதல் சில வருஷம் படத்தில் தெரியவே தெரியாது; அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அளவும் முக்கியம். 10 மீட்டர் கட்டம் ஒன்று சுமார் இரண்டரை சென்ட். ஓரக் கட்டங்களில் வரப்பும் பக்கத்துத் தோப்பும் கலந்துவிடும் என்பதால் அவற்றைத் தள்ளிவிடுங்கள். பேண்ட் 11-இன் கட்டம் 20 மீட்டர், அதாவது 10 சென்ட். அதனால் அரை ஏக்கருக்குக் கீழே ஈரக்கோட்டை நம்பி வாதாடுவது வீண்.

டேட்டா பேங்க் (நெல்வயல், ஈரநிலங்களின் அரசுப் பட்டியல்) வழக்குக்காகக் கேட்கிறீர்கள் என்றால் கதை வேறு. கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அமலான 2008 ஆகஸ்ட் 12 அன்று நிலம் எப்படி இருந்தது என்பதுதான் அங்கே கேள்வி, அப்போது சென்டினலே கிடையாது. லேண்ட்சாட் 5 என்ற பழைய அமெரிக்க சாட்டிலைட்டின் படம் எடுங்கள். லேண்ட்சாட் 7-இல் 2003 மே மாதக் கோளாறுக்குப் பிறகு கோடு கோடாக இடைவெளி விழும். லேண்ட்சாட் 5-இல் அதே கணக்குக்கு, பச்சைக்கு பேண்ட் 4, 3; ஈரத்துக்கு பேண்ட் 4, 5. ஒரு கட்டமே 22 சென்ட் என்பதால் சின்ன நிலத்துக்கு இது உதவாது. கூகுள் எர்த் புரோவில் பழைய தேதிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா பேங்கிலிருந்து நிலத்தை நீக்கக் கோரி ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஃபாரம் 5 கொடுப்பவர்கள், மாநிலத் தொலையுணர்வு மையத்தின் அறிக்கையைக் கிருஷி பவன் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) வழியாகக் கேட்டு வாங்குவது நல்லது. நீங்கள் போட்ட கோட்டை அதற்குத் துணையாக, படத் தேதியும் சர்வே எண்ணும் எழுதி இணைக்கலாம்.