ஜோ பட்டர்னோ பெரிய பயிற்சியாளரா, இல்லை களங்கப்பட்டவரா? எதை வைத்து முடிவு செய்வது?

கேட்டவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். அங்கே கால்பந்து அணிக்கு நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்த பட்டர்னோவைச் சிலர் தெய்வம் மாதிரி கொண்டாடுகிறார்கள், சிலர் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறார். அமெரிக்கக் கால்பந்து அவ்வளவாகப் பழக்கமில்லாதவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பட்டர்னோ 1950-இல், அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ரிப் எங்கிளுக்கு உதவிப் பயிற்சியாளராக அங்கே வந்தார். 1966-இல் தலைமைப் பொறுப்பு. 2011 வரை 46 சீசன். 409 வெற்றி, 136 தோல்வி, 3 சமன். தேசியப் பட்டம் இரண்டு முறை, 1982-லும் 1986-லும். 1968, 1969, 1973, 1994 ஆகிய ஆண்டுகளிலும் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனாலும் பட்டம் வரவில்லை. அப்போது இன்று இருப்பது போல ப்ளே-ஆஃப் கிடையாது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்குப் போட்டு முதலிடத்தை முடிவு செய்வார்கள். எனவே "46 வருஷத்தில் வெறும் இரண்டு பட்டமா" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், அந்த நான்கு ஆண்டுகளையும் எடுத்துக் காட்டுங்கள்.

அவருடைய பெருமை வெற்றிக் கணக்கோடு நிற்கவில்லை. விளையாட்டும் படிப்பும் சேர்ந்தே போகும் என்று நிரூபிக்கப் போவதாகச் சொல்லி, அதற்கு 'மாபெரும் பரிசோதனை' என்று பெயரும் வைத்திருந்தார். 1998-இல் பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் குடும்பம் 35 லட்சம் டாலர் கொடுத்தது. நூலகத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அவர் காலத்தில் வீரர்களின் சட்டையில் பெயர் அச்சிட மாட்டார்கள், எண் மட்டும்தான். படிப்பு விஷயத்தை யாராவது சதவீதத்தில் சொன்னால், எந்தச் சதவீதம் என்று கேளுங்கள். அரசுக் கணக்கில், பாதியில் வேறு கல்லூரிக்குப் போனவனும் படிப்பை முடிக்காதவனாகவே சேருவான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்கில், நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறியவனைக் கழித்துவிடுவார்கள். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்கினானா என்பதைத்தான் இரண்டும் பார்க்கின்றன, ஆனால் ஒரே அணிக்கு இரண்டு எண் வரும். ஒரு கல்லூரிக்கு ஒரு கணக்கையும் இன்னொன்றுக்கு மற்றொரு கணக்கையும் வைத்து ஒப்பிடுவது இந்த விவாதங்களில் சர்வசாதாரணம். ஒரே கணக்கை வைத்துப் பார்த்தாலும் பட்டர்னோவின் அணி படிப்பில் நன்றாகவே நின்றது. அதை மறுக்க வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்ரி சண்டஸ்கி 1977 முதல் 1999 வரை பட்டர்னோவின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர், அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பயிற்சியாளர். ஏழைப் பையன்களுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். 1998-இல் ஒரு சிறுவனின் தாய் பல்கலைக்கழகக் காவல் துறையில் புகார் கொடுத்தார், வழக்குப் போடவில்லை. 2001 பிப்ரவரியில், உதவியாளராக இருந்த மைக் மெக்குவியரி, அணியின் குளியலறையில் சண்டஸ்கி ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அதற்கு மறுநாள் பட்டர்னோ அதை விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். கர்லி, துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் மூவரும் பேசி, காவல் துறைக்கோ அரசுக்கோ புகார் செய்யாமல் விட்டார்கள். சண்டஸ்கி 2011 நவம்பரில்தான் கைதானார். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று நடுவர் குழு சொன்னது. தண்டனை 30 முதல் 60 ஆண்டு. பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு அந்தக் கொடுமை நடந்தது 2001 பிப்ரவரிக்குப் பிறகு. இந்த ஒரு வரியை மறந்துவிட்டு யாரும் பட்டர்னோவைப் பற்றிப் பேசக் கூடாது.

அவரைக் காப்பாற்றப் பேசுபவர்களின் முதல் வாதம், "அவர் மேலிடத்தில் சொன்னார், சட்டப்படி அவ்வளவுதான் கடமை" என்பது. உண்மைதான். அப்போதைய பென்சில்வேனியா சட்டத்தின்படி ஊழியர் தன் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும். அரசிடம் நேரடியாகப் புகார் செய்ய வேண்டும் என்ற விதி 2014-இல் செய்த திருத்தத்தால் வந்தது. பட்டர்னோ மீது எந்த வழக்கும் போடப்படவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் அவரைக் குற்றவாளி என்று எழுதுபவர்கள் பொய் எழுதுகிறார்கள்.

ஆனால் 'மேலிடம்' என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிட முடியாது. 2003-இல் அணி 3 வெற்றி, 9 தோல்வி. 2004-இல் 4 வெற்றி, 7 தோல்வி. 2004 நவம்பரில் ஸ்பேனியரும் கர்லியும் வேறு சிலரும் பட்டர்னோவின் வீட்டுக்கே போய் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். அவர் முடியாது என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த ஆண்டே அணி 11-1 என்று திரும்பி வந்து, ஆரஞ்சு பௌலில் (பௌல் என்பது சீசன் முடிவில் சிறந்த அணிகளுக்கு நடக்கும் சிறப்பு ஆட்டம்) பாபி பௌடன் பயிற்சியளித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை மூன்று கூடுதல் சுற்றுக்குப் பின் 26-23 என்று வென்றது. தன் வேலையைப் பற்றிப் பேச வந்த தலைவரையே திருப்பி அனுப்பக்கூடிய ஒருவர், ஒரு குழந்தையின் விஷயத்தில் மட்டும் "மேலே சொல்லிவிட்டேன், அதற்கு மேல் என் கையில் இல்லை" என்று சொல்ல முடியுமா? என் தீர்ப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒருவரின் பொறுப்பை அவருடைய பதவிப் பெயரை வைத்து அளக்காதீர்கள். அந்த இடத்தில் அவர் சொல் எவ்வளவு செல்லும் என்பதை வைத்து அளங்கள். பத்து வருடத்தில் ஒருநாள் கர்லியைக் கூப்பிட்டு "அந்த விஷயம் என்ன ஆயிற்று" என்று அழுத்திக் கேட்டு, பதில் வரும்வரை விடாமல் இருந்திருந்தால் போதும். அவரே 2011 நவம்பர் 9 அன்று, இப்போது திரும்பிப் பார்க்கையில் இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்று தோன்றுவதாக அறிக்கை விட்டார். அன்று இரவே நிர்வாகக் குழு அவரைத் தொலைபேசியில் பணிநீக்கம் செய்தது. 2012 ஜனவரி 22-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

"இது சும்மா பழிபோடுவது, ஆதாரம் எங்கே" என்று கீழே கருத்து வரும் என்று தெரியும். அதனால் ஆவணத்தையே சொல்கிறேன். முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயி ஃப்ரீ தயாரித்த 267 பக்க அறிக்கை 2012 ஜூலையில் வந்தது. அதில் இரண்டு மின்னஞ்சல்களை மட்டும் கூர்ந்து படியுங்கள். 1998 மே மாதம் கர்லி எழுதியது: புதிதாக ஏதாவது உண்டா, 'கோச்' நிலவரம் அறிய ஆவலாக இருக்கிறார் என்று. அந்தக் 'கோச்' பட்டர்னோ என்கிறது அறிக்கை. அது சண்டஸ்கியாகவும் இருக்கலாம் என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். கடிதத்தில் பெயர் இல்லை. அடுத்தது 2001 பிப்ரவரி 27. அரசுத் துறைக்குத் தெரிவிப்பது உட்பட கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பேனியர் மூவரும் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நேற்று ஜோவுடன் பேசிய பிறகு யோசித்ததில் அந்தத் திட்டம் சரியாகப் படவில்லை, முதலில் சண்டஸ்கியிடமே பேசலாம் என்று கர்லி எழுதுகிறார். பேசியது நிச்சயம். ஜோ என்ன சொன்னார் என்பது கடிதத்தில் இல்லை. ஃப்ரீ அந்த இடைவெளியைப் பட்டர்னோவுக்கு எதிராக நிரப்பினார், குடும்பம் 2013-இல் வெளியிட்ட பதில் அறிக்கை அவருக்குச் சாதகமாக நிரப்பியது. நீங்கள் அதை இடைவெளியாகவே வையுங்கள். பட்டர்னோ திட்டமிட்டு மூடி மறைத்தார் என்று சொல்ல இது போதாது. அவருக்குத் தெரியும், கர்லியுடன் பேசினார், பிறகு விட்டுவிட்டார் என்று சொல்லப் போதும்.

இப்போது வெற்றிகளைப் பறித்த கதை. 2012 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. தன்னுடைய வழக்கமான விசாரணை நடைமுறையையே தாண்டி, 6 கோடி டாலர் அபராதம், நான்கு ஆண்டு பௌல் தடை, 85 உதவித்தொகை இடங்கள் 65 ஆகக் குறைப்பு, இவற்றோடு 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகள் ரத்து என்று தீர்ப்பளித்தது. பட்டர்னோவின் 111 வெற்றி போய் 298 ஆயிற்று. ரத்து என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். வென்றவனின் வெற்றி அழியும். தோற்றவனின் தோல்வி அப்படியே இருக்கும். எதிரணிக்கு வெற்றி மாறாது. 2005-இன் 11-1, ஏட்டில் 0-1 ஆனது. மிச்சிகனிடம் கடைசி நொடியில் 27-25 என்று தோற்ற அந்த ஒரே ஆட்டம்தான் மிச்சம். அந்தக் கணக்குப்படி பட்டர்னோவின் கடைசி வெற்றி 1997 நவம்பரில் விஸ்கான்சினுக்கு எதிரானது. அன்று ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? மைக் மெக்குவியரி.

இந்த ரத்து யாருக்கு என்ன நன்மை செய்தது? பாதிக்கப்பட்ட ஒரு பையனுக்காவது ஆறுதல் கிடைத்ததா? அழிந்தது பந்தைப் பிடித்து ஓடிய பையன்களின் ஆட்டம். உதவித்தொகைக் குறைப்பும் அப்படியே: 2012-இல் 18 வயதில் சேர்ந்தவனுக்கு 2001-இல் 7 வயது. பென்சில்வேனியாவில் போடப்பட்ட வழக்கில் சமரசமாகி 2015 ஜனவரியில் வெற்றிகள் திரும்பி வந்தன, மறுபடி 409. அதைப் பட்டர்னோ நிரபராதி என்ற தீர்ப்பாகப் படிக்காதீர்கள். அழிக்கத் தேவையில்லாத பதிவு திரும்பியது, அவ்வளவுதான். நடந்த ஆட்டம் நடந்ததுதான். 409 இருக்கட்டும். ஆனால் 2001-இல் நிறுவி 2012 ஜூலையில் எடுத்த அந்த வெண்கலச் சிலை திரும்ப வர வேண்டியதில்லை. பதிவேடு நடந்ததைச் சொல்கிறது. சிலை, இவரைப் பார்த்து நடந்துகொள் என்று மாணவனிடம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிச் சண்டை போடுவதால்தான் உங்கள் வளாகத்தில் யாரும் யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை.

ரத்து என்றதும், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரராக இருந்த ரெஜ்ஜி புஷ் விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புஷ்ஷின் குடும்பம் ஏஜெண்டுகளிடம் பணமும் வீடும் பெற்றது என்பதற்காக 2010-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 14 வெற்றிகளை அழித்தார்கள், 30 உதவித்தொகையைப் பறித்தார்கள். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை, 2005-இல் அவர் வாங்கியது, அதுவும் போனது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சட்டப்படியே சம்பாதிக்கலாம். கோப்பை 2024-இல்தான் திரும்பியது. அதுவரை 14 ஆண்டு அந்த மனிதன் ஏமாற்றுக்காரன் என்ற பெயரைச் சுமந்தான். பயிற்சியாளர்கள் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

இன்னொரு பெரிய பயிற்சியாளர் ஊடி ஹேய்ஸையும் இதே முறையில் பார்க்கலாம். ஒஹையோ ஸ்டேட்டில் 28 சீசன், 205 வெற்றி. 1978 கேட்டர் பௌலில், பந்தை இடைமறித்துப் பிடித்த கிளெம்சன் வீரரின் கழுத்துப் பக்கம் குத்தினார். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் வேலை போயிற்று. குற்றம் வெளிப்படையானது, தண்டனை உடனடி, அடி வாங்கியவரைத் தாண்டி யாருக்கும் தீங்கு தொடரவில்லை. அவர் பெயரில் அங்கே கட்டடமும் சாலையும் இருப்பதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. பட்டர்னோவின் தவறில் சத்தமே இல்லை, பத்து வருடம் நீடித்தது, விலையை வேறு குழந்தைகள் கொடுத்தார்கள்.

இதற்கு மேல் நீங்களே படித்து முடிவு செய்ய விரும்பினால், ஃப்ரீ அறிக்கையின் முன்னுரையில் தொடங்காதீர்கள். அங்கே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பின்னிணைப்பில் உள்ள மின்னஞ்சல்களைத் தேதி வரிசையில் படியுங்கள். பிறகு பட்டர்னோ 2011 ஜனவரியில் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் நடுவர் குழு) முன் கொடுத்த சாட்சியம், சின்னதுதான். அதற்குப் பிறகு குடும்பத்தின் பதில் அறிக்கை. பழைய செய்திகளில் மெக்குவியரி பார்த்த சம்பவம் 2002 மார்ச் என்று இருக்கும். அது குற்றப்பத்திரிகையில் முதலில் இருந்த தேதி, பின்னர் 2001 பிப்ரவரி என்று திருத்தினார்கள். தேதி தெரியாமல் படித்தால் மின்னஞ்சல்கள் சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பே எழுதப்பட்டவை போலத் தெரிந்து குழம்பிவிடுவீர்கள்.