நிலக்கடலையில் நோய் எதிர்ப்பு மரபணு இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நோயைத் தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலப்பு செய்து, வாரிசுகளைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் வளர்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றின் டிஎன்ஏ மார்க்கர்களையும் (டிஎன்ஏவில் ஓரிடத்தை அடையாளம் காட்டும் குறிகள்) வயலில் அதற்கு வந்த நோயின் அளவையும் ஒப்பிடுவார்கள். எந்த மார்க்கர் எதிர்ப்போடு சேர்ந்தே வருகிறதோ, மரபணு அதன் பக்கத்தில்தான். டிஎன்ஏ படிப்பது இப்போது சுலபம். நோயைச் சரியாக மதிப்பிடுவதுதான் பெரும்பாடு.

துரு, பின்பருவ இலைப்புள்ளி நோய்களுக்கான வலுவான எதிர்ப்பு இப்படித்தான் ஏ03 என்ற குரோமோசோமில் சிக்கியது. அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டு இனத்திலிருந்து வந்த துண்டு அது.

விதைக் குணங்களையும் இப்படித் தேடலாம். ஆனால் எண்ணெயின் அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால் ஒன்றைத் தனியே பிடிப்பது கஷ்டம். எண்ணெயிலுள்ள ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அப்படியில்லை. அதை வேறொரு கொழுப்பு அமிலமாக மாற்றும் எஃப்ஏடி2 மரபணுவின் ஏ, பி என்ற இரண்டு பிரதிகளும் பழுதானால், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஒலிக் அமிலத்தின் பங்கு சுமார் 80 சதவீதத்துக்கு ஏறிவிடும்.