தம்பியின் மனச்சிதைவு: அம்மாவின் வளர்ப்பா, மரபா?

உங்கள் தம்பிக்கு வந்துள்ள மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்னும் மனநோய்க்கு அம்மாவின் கண்டிப்பே காரணம் என்று உறவினர்கள் பழிப்பதாகவும், உங்கள் பிள்ளைகளுக்கும் அது வருமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழிக்கு ஆதாரம் இல்லை. ஊர்வாய்க்கு ஆதாரம் தேவைப்படுவதும் இல்லை.

இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனார்ட் ஹெஸ்டன், அவர்களுள் 5 பேருக்கு அது வந்திருந்ததையும், நோயற்ற தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் வராததையும் 1966இல் வெளியிட்டார். தாய் வளர்க்காமலே வந்ததால், மரபுக்குப் பங்குண்டு என்று தெரிகிறது. ஆயினும் மரபு ஒன்றே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, ஒரே மரபுடைய இரட்டையருள் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழப் பாதி இணைகளில்தான். சித்தப்பாவுக்கு இருப்பதால் பிள்ளைகளுக்கு வருவது நூற்றுக்குச் சிலருக்கே.

வீட்டுச் சூழலின் பங்கு இனிமேல்தான் முக்கியம்: ஓயாத குறைகூறலும் அளவுமீறிய கண்காணிப்பும் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், மருந்து தவறாமல் பார்த்துக்கொள்வதோடு, குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் மனநல மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.